கொடி பிடிப்பவர் வேலைக்காரர் அல்ல

கார் பந்தயம் என்றதும் நிறையப் பேருக்கு ஞாபகம் வருவது ஒரே தடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றும் ஃபார்முலா ஒன்தான். ராலி அப்படியல்ல. காட்டுப்பாதை, மலைப்பாதை, கிராமத்துச் சாலை என்று தோதாக எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே சில மணி நேரம் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, ஒன்று, இரண்டு அல்லது மூன்று நிமிட இடைவெளியில் ஒவ்வொரு காராக அனுப்புவார்கள். அப்படி மூடப்பட்ட பகுதிக்கு ஸ்பெஷல் ஸ்டேஜ் என்று பெயர். எல்லா ஸ்டேஜையும் சேர்த்து யாருக்கு நேரம் குறைவோ அவர் ஜெயித்தவர். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்குப் போகும்போது மட்டும் சாதாரணச் சாலையில், லாரிக்கும் டிராக்டருக்கும் பின்னால், சிக்னலில் நின்று நின்று போக வேண்டும்.

உலக ராலி சாம்பியன்ஷிப்பில் ஒரு ராலிக்கு சுமார் 300 கிலோமீட்டர் ஸ்டேஜ் இருக்கும். 300 கிலோமீட்டருக்கு யாராவது வேலி போட முடியுமா? முடியாது. அதனால் வேலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். அவர்தான் மார்ஷல். மேலே ஒரு பளபளக்கும் சட்டை, கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு கொடி, பக்கத்தில் ஒரு தீயணைப்புக் கருவி. பெரும்பாலான இடங்களில் அவருக்குச் சம்பளம் கிடையாது. ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், ஒரு ஸ்டிக்கர், அதிகம் போனால் பெட்ரோல் காசு. அவ்வளவுதான்.

இந்த மனிதரிடம் கார் ஓட்டுபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் விஷயம். "இதெல்லாம் ஒரு விஷயமா? மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும், முடிந்தது" என்று தோன்றலாம். ஆனால் மரியாதை என்ற ஒற்றைச் சொல்லில் முடிகிற சமாச்சாரம் இல்லை இது. ராலி என்ற விளையாட்டு நாளைக்கும் இருக்குமா என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் மார்ஷலின் ஒரு நாளைப் பார்ப்போம். முதல் கார் காலை 8 மணிக்கு ஓடுகிறது என்றால் அவர் அந்த இடத்துக்கு விடியும் முன்பே போயாக வேண்டும். சாலையை மூடிவிட்டால் அப்புறம் அவராலும் உள்ளே போக முடியாது. தன் பகுதியில் இருக்கிற ஒற்றையடிப் பாதைகள், வீட்டு வாசல்கள், தோட்டத்துக் கேட்டுகள் எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பார்வையாளர்கள் வர ஆரம்பித்ததும் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்பவர்களை நகர்த்த வேண்டும். இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. அங்கேதான் போட்டோ நன்றாக வரும், அங்கேதான் கார் தடம் மாறினால் நேராக வந்து இடிக்கும். போட்டிக்கு முன்னால் 000, 00, 0 என்று எண்ணிட்ட அதிகாரிகளின் கார்கள் பாதையைச் சோதித்துக்கொண்டே போகும். பிறகு போட்டிக் கார்கள். கடைசியில் ஸ்வீப்பர் கார் வந்து போகும்வரை அவர் இடத்தை விட்டு அசையக் கூடாது. மழையோ, வெயிலோ, இயற்கையின் அழைப்போ, எதுவானாலும் சரி. ஒரு கார் கடக்க எடுத்துக்கொள்வது நாலைந்து வினாடி. "மார்ஷல்கள் பந்தயத்தை ஓசியில் பார்க்கத்தானே வருகிறார்கள்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்து மணி நேரம் நின்று சில நிமிடம் பந்தயம் பார்ப்பதற்கு ஓசி என்று பெயரா? அதுவும் பாதி நேரம் அவர் முதுகு காருக்கும் முகம் கூட்டத்துக்கும் இருக்கும்.

சரி, ஓட்டுநருக்கும் மார்ஷலுக்கும் எங்கே முட்டிக்கொள்கிறது? பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது, டைம் கன்ட்ரோல். ஒவ்வொரு ஸ்டேஜ் தொடங்கும் முன்பும் குறிப்பிட்ட நிமிடத்தில் போய் டைம் கார்டைக் கொடுக்க வேண்டும். உதாரணமாக 10:32க்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் முன்னதாகவே கார் அந்த எல்லைக்குள் வந்து நிற்கலாம், தப்பில்லை. ஆனால் கார்டை மார்ஷல் கையில் கொடுக்கும் நொடிதான் கணக்கு. 10:31 முடிய இரண்டு வினாடி இருக்கும்போது கொடுத்துவிட்டால் 10:31 என்றுதான் அவர் எழுதியாக வேண்டும். சர்வதேச விதிப்படி ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் 10 வினாடி தண்டனை. ஒரு நிமிடம் முன்னதாகக் கொடுத்தால் முழுசாக 1 நிமிடம் தண்டனை! ராலியில் ஒரு நிமிடம் என்பது முதலிடத்துக்கும் எட்டாவது இடத்துக்கும் உள்ள தூரமாக இருக்கலாம். உடனே கார் ஜன்னலிலிருந்து சத்தம் கிளம்பும். "உனக்கு மணி பார்க்கத் தெரியுமா, தெரியாதா?" ஆனால் டைம் கார்டுக்கு முழுப் பொறுப்பும் ஓட்டுநரும் கோ-டிரைவரும்தான் என்று விதிப்புத்தகமே தெளிவாகச் சொல்கிறது. ரயிலைத் தவறவிட்டவர் ஸ்டேஷன் கடிகாரத்தைத் திட்டுகிற கதைதான் இது.

இரண்டாவது, ஸ்டேஜ் முடியும் இடம். கார் முழு வேகத்தில் முடிவுக்கோட்டைத் தாண்டி, அதற்கப்புறம் 100 முதல் 300 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்டாப் பலகையில் நிற்கும். அங்கேதான் முடித்த நேரத்தை கார்டில் எழுதுவார்கள். அந்த நிமிடத்தில் ஓட்டுநரின் ரத்தம் இன்னும் ஸ்டேஜில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பஞ்சர் ஆகியிருக்கலாம், கியர் மாட்டியிருக்கலாம், முன்னால் போன காரின் தூசியில் கண் தெரியாமல் வந்திருக்கலாம். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வெளியே பார்த்தால் கண்ணில் படும் முதல் மனித முகம் மார்ஷலுடையது. அத்தனை கோபமும் அவர் தலையில்.

மூன்றாவது, ஸ்டேஜை நிறுத்தும்போது. சிவப்புக் கொடி காட்டினால் உடனே வேகத்தைக் குறைத்து, மிச்ச தூரத்தையும் அதே மெதுவான வேகத்தில், மார்ஷல்கள் சொல்கிறபடி கடக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு நேரத்தைப் பிறகு கணக்கிட்டுக் கொடுப்பார்கள். அந்த நேரம் போதவில்லை என்று ஓட்டுநருக்குத் தோன்றும். ஆனால் கொடியைக் காட்டியவர் அதை முடிவு செய்யவில்லை. ரேடியோவில் உத்தரவு வந்தது, அவர் காட்டினார். நேரத்தையும் அவர் கணக்கிடவில்லை. அவரிடம் கத்துவதால் ஒரு வினாடிகூடத் திரும்பி வராது.

ஓட்டுநர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பெரிய கம்பெனி அணியில் ஓட்டுபவர்கள் ஒரு கைப்பிடிதான். மற்றவர்கள் சொந்தக் காசைப் போட்டு, கடன் வாங்கி, ஆறு மாதம் கராஜில் கிடந்து காரைத் தயார் செய்து வருகிறவர்கள். நுழைவுக் கட்டணமும் கொஞ்சநஞ்சமல்ல. அப்படி வந்தவருக்கு ஒரு மார்ஷல் நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டால் வயிறு எரியாதா? எரியும். மார்ஷல்கள் தப்பே செய்யாதவர்கள் என்றும் யாரும் சொல்ல முடியாது. அனுபவமில்லாதவர்கள் இருக்கிறார்கள், போனில் மூழ்கியவர்கள் இருக்கிறார்கள், சட்டையைப் போட்டதும் கமிஷனர் ஆகிவிட்டதாக நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பிரச்னை தப்பைச் சுட்டிக்காட்டுவதில் இல்லை. அதை எங்கே, யாரிடம், எப்படிச் சொல்வது என்பதில் இருக்கிறது. நேரம் தப்பாக எழுதப்பட்டிருந்தால் கோ-டிரைவர் அங்கேயே அமைதியாகக் கேட்கலாம். திருத்தவில்லை என்றால் குறித்துக்கொண்டு கிளார்க் ஆஃப் தி கோர்ஸிடம் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மேல் ஸ்டூவர்டுகள் இருக்கிறார்கள். ஓட்டுநருக்கு முறையிட இத்தனை படிகள் இருக்கின்றன. திட்டு வாங்கிய மார்ஷலுக்கோ பக்கத்தில் ஒரு மரம்தான் இருக்கிறது.

"நுழைவுக் கட்டணம் கட்டியிருக்கிறேன்" என்கிற வாதத்தில் ஓர் அடிப்படைக் குழப்பமும் இருக்கிறது. அந்தக் கட்டணம் மார்ஷலின் சம்பளம் அல்ல. அது அனுமதிக்கும் இன்சூரன்ஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் மற்ற செலவுகளுக்கும் போகிறது. மார்ஷலின் நேரத்தை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற உறவுக்காரப் பையனை ஹோட்டல் சர்வர் என்று நினைத்து அதட்டினால் என்ன ஆகும்? அடுத்த பந்திக்கு அவன் இருக்க மாட்டான். நாமே போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான்.

ராலியில் நாமே போட்டுக்கொள்ளவும் முடியாது. போதிய மார்ஷல்கள் இல்லையென்றால் ஸ்டேஜை ஓட்டவே விடமாட்டார்கள். சம்பளம் கொடுத்து ஆள் வைக்கலாமே என்று கேட்கலாம். ஒரு ராலிக்கு நூற்றுக்கணக்கில் ஆள் தேவை. அத்தனை பேருக்கும் கூலி கொடுத்தால் நுழைவுக் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று ஓட்டுநர்களே யோசித்துக்கொள்ளலாம். பெரிய பந்தயங்கள் தாக்குப்பிடிக்கும். சின்ன கிளப் ராலிகள் மூட்டை கட்ட வேண்டியதுதான். புதிய ஓட்டுநர்கள் உருவாவது அந்தச் சின்ன ராலிகளில்தான்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் போதுமான பாடம் இருக்கிறது. 1986 மார்ச்சில் போர்ச்சுகல் ராலியின் முதல் ஸ்டேஜில், சாலையையே அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்துக்குள் ஒரு ஃபோர்டு ஆர்எஸ்200 கார் புகுந்தது. மூன்று பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். கம்பெனி அணி ஓட்டுநர்கள் சேர்ந்து முடிவெடுத்துப் போட்டியிலிருந்தே விலகினார்கள். 2014 மே 31 அன்று ஸ்காட்லாந்தின் ஜிம் கிளார்க் ராலியில் கோல்ட்ஸ்ட்ரீம் ஊருக்கு அருகே மூன்று பார்வையாளர்கள் இறந்தார்கள். மூடிய பொதுச்சாலைகளில் அந்த ராலி திரும்ப ஓடுவதற்கு 2019 ஆகிவிட்டது. அதே 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில், இந்திய தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றில், மூடியிருந்த ஸ்டேஜுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. வேகமாக வந்த ராலி கார் மோதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் போய்விட்டார்கள்.

இந்தச் சம்பவங்களில் யார் மேல் தப்பு என்று தீர்ப்பு எழுதுவது இங்கே நோக்கமல்ல. ஒரு குறுக்குப் பாதையில் யாரோ ஒருவர் நின்று, "ஐயா, இன்னும் கார் வருது, உள்ள போகாதீங்க" என்று சொல்லி, அதை எதிரில் இருப்பவர் கேட்டுக்கொள்வதில்தான் ஒரு ராலியின் மொத்தப் பாதுகாப்பும் தொங்குகிறது. அதைப் புரிந்துகொண்டால் போதும். மார்ஷலிடம் இருக்கிற ஒரே ஆயுதம் அவர் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு. பிரபலமான ஓட்டுநர் நூறு பேர் முன்னால் அவரை "போய்யா" என்று உதறிவிட்டுப் போனால் அந்த நூறு பேர் மட்டும் எதற்கு அவர் சொல்வதைக் கேட்கப் போகிறார்கள்? அடுத்த கார் வரும்போது அவர்கள் எங்கே நிற்பார்கள்? ஓட்டுநரின் ஒரு வார்த்தை மார்ஷலின் மனதை மட்டும் புண்படுத்துவதில்லை. அந்த வளைவின் வேலியையே பிடுங்கிப் போட்டுவிடுகிறது.

மார்ஷல் தரும் விலையும் சாதாரணமல்ல. 1977இல் தென்னாப்பிரிக்காவின் கயாலாமி தடத்தில் நின்றுபோன ஒரு காரில் நெருப்புத் தெரிந்ததும், தீயணைப்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு 19 வயதுப் பையன் ஒருவன் தடத்தைக் குறுக்காகக் கடந்து ஓடினான். வேகமாக வந்த டாம் ப்ரைஸின் கார் மோதி அவன் இறந்தான். அந்தக் கருவி தலையில் அடித்து ப்ரைஸும் இறந்தார். அப்படிக் கடந்திருக்கக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் அவன் ஓடியது ஓர் ஓட்டுநரைக் காப்பாற்ற. 2000இல் மோன்சாவிலும், 2001இல் மெல்போர்னிலும் கழன்று பறந்த சக்கரம் பட்டு ஆளுக்கொரு மார்ஷல் இறந்தார். 2013இல் மான்ட்ரியலில் பந்தயம் முடிந்த பிறகு காரை அப்புறப்படுத்தும்போது மீட்பு வண்டியில் சிக்கி இன்னொருவர். ஜெயித்தவர்களின் பெயர் புள்ளிவிவரப் பட்டியலில் நிற்கிறது. இவர்களின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மோட்டார் பந்தயங்களின் தலைமை அமைப்பான எஃப்ஐஏவுக்கு இது புரியாமல் இல்லை. 2021 நவம்பரில் கத்தாரில் இரட்டை மஞ்சள் கொடியை மதிக்காததற்காக மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு ஐந்து இடங்கள் பின்தள்ளித் தண்டனை கொடுத்தார்கள். அவருடைய அணித் தலைவராக அப்போது இருந்த கிறிஸ்டியன் ஹார்னர், கொடி காட்டிய மார்ஷல் தன்னிஷ்டத்துக்கு நடந்துகொண்டார் என்கிற மாதிரி டிவியில் பேசினார். ஸ்டூவர்டுகள் கூப்பிட்டு விசாரித்து எச்சரிக்கை கொடுத்தார்கள். ஹார்னர் மன்னிப்புக் கேட்டார். அதோடு 2022 பிப்ரவரியில் நடக்கவிருந்த ஸ்டூவர்டுகளுக்கான பயிற்சியில் கலந்துகொள்ளவும் ஒப்புக்கொண்டார். இந்தத் தண்டனை எவ்வளவோ தேவலை. அபராதம் என்றால் செக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த வேலையின் கனம் தெரியும்.

2025இல் ராலி உலகமே ஒரு கெட்ட வார்த்தையைப் பற்றிச் சண்டை போட்டது ஞாபகம் இருக்கலாம். பிப்ரவரியில் ஸ்வீடன் ராலி பேட்டியில் ஒரு வார்த்தை சொன்னதற்காக அட்ரியன் ஃபூர்மோவுக்கு 10,000 யூரோ அபராதம் விழுந்தது. ஓட்டுநர்கள் கொதித்துப்போய் மார்ச்சில் கென்யாவின் சஃபாரி ராலியில் ஸ்டேஜ் முடிவில் பேசாமல் இருந்தார்கள், இல்லையென்றால் தாய்மொழியில் மட்டும் பேசினார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. தன்னைத்தானே நொந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்வதும் இன்னொருவரைப் பார்த்துச் சொல்வதும் ஒன்றாகுமா? மே மாதம் எஃப்ஐஏ விதியைத் திருத்தி அடிப்படை அபராதத்தை 5,000 யூரோவாகக் குறைத்தது. ஆனால் அதிகாரிகளைத் திட்டுவதற்கு மட்டும் அபராதத்தை எடுத்துவிட்டு, போட்டியிலேயே பாதிக்கும் தண்டனை என்று கடுமையாக்கியது. இரண்டும் சரியான முடிவு. மைக்கில் வரும் வார்த்தையைவிட மைக் இல்லாத இடத்தில் ஒரு தொண்டரின் முகத்துக்கு நேராக வரும் வார்த்தைதான் இந்த விளையாட்டுக்கு அதிகக் கெடுதல்.

தண்டனைக்குப் பயந்து நடப்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஓட்டுநர் தானாகச் செய்ய வேண்டியவை என்னென்ன? பெரிய தியாகம் எதுவும் தேவையில்லை.

1. கொடியைக் கண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. காலையில் கை குலுக்கிவிட்டு, மதியம் சிவப்புக் கொடியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பறந்தால் அந்தக் கைகுலுக்கலுக்கு அர்த்தமில்லை. கொடிக்கு அந்தப் பக்கம் சாலையில் ஆள் இருக்கலாம்.

2. கார் நின்றுபோனால் எச்சரிக்கை முக்கோணத்தை வைத்து, அடிபடவில்லை என்றால் ஓகே பலகையைப் பின்னால் வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அடி பலமோ என்று பயந்து ஒரு மார்ஷல் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும் பாதையோரமாக ஓடிவர வேண்டியிருக்கும். சோம்பேறித்தனத்தால் இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கிற வேலை அது.

3. டைம் கன்ட்ரோலில் பேச வேண்டியவர் கோ-டிரைவர். ஓட்டுநர் வாயை மூடிக்கொண்டிருப்பது உத்தமம்.

4. தன் அணியின் மெக்கானிக்குகள், நண்பர்கள், அப்பா, மாமா எல்லோருடைய நடத்தைக்கும் ஓட்டுநரே பொறுப்பு. பல சண்டைகளைத் தொடங்குவது கார் ஓட்டாதவர்கள்தான்.

5. தப்பைப் பற்றிப் புகார் சொல்லலாம். ஆளைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதக் கூடாது. தொண்டருக்குப் பதில் சொல்ல ஊடகத் தொடர்பாளர் கிடையாது.

6. ஸ்டேஜ் முடிந்து மெதுவாகப் போகும்போது ஒரு கையசைப்பு, ஒரு "தேங்க்ஸ்". செலவு ஒன்றுமில்லை. அடுத்த வருடம் அவர் அதே வளைவுக்குத் திரும்பி வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றும் செய்யலாம். போட்டி லைசென்ஸ் வாங்குகிற ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு நாள் மார்ஷலாக நிற்க வேண்டும் என்று ஒரு விதி கொண்டு வரலாம். சாம்பியனுக்கும் விலக்கு வேண்டாம். ஒரு நாள் மழையில் நின்று, "நான் யார் தெரியுமா" என்று கேட்கும் ஒரு பார்வையாளரைக் கெஞ்சி நகர்த்திப் பார்த்தவர், அடுத்த ராலியில் ஜன்னலை இறக்கிக் கத்த மாட்டார். ஆள் பற்றாக்குறையும் கொஞ்சம் குறையும்.

சென்னையிலும் கோவையிலும் ராலிகள் நடக்கும்போது இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு. வண்டி மேல் இருக்கிற பைத்தியத்தில் வருகிறவர்கள். அவர்களில் சிலர் நாளைக்குக் கார் ஓட்டுவார்கள், சிலர் மெக்கானிக் ஆவார்கள், சிலர் போட்டியையே நடத்துவார்கள். முதல் நாளே ஒரு பெரிய ஓட்டுநரிடம் காரணமில்லாமல் திட்டு வாங்கினால் அந்தப் பையனோ பெண்ணோ சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். புகார்கூடக் கொடுக்க மாட்டார்கள். அடுத்த வருடம் பட்டியலில் ஒரு பெயர் குறையும். அவ்வளவுதான் வெளியே தெரியும்.

வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. பாதை காலியாக இருக்கிறது என்று நம்பித்தான் அழுத்துகிறார். அந்த நம்பிக்கையைக் கொடுப்பது காரும் இல்லை, டயரும் இல்லை. அங்கே காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கும் அந்த மனிதர்தான். அவர் அங்கே வேண்டுமா வேண்டாமா என்பதை ஓட்டுநர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.